குற்றவாளி பால்குடமா, தீவனத் தொட்டியா?

"பாலில் தண்ணீர்! பாலில் யூரியா! பாலில் சோப்புத் தூள்!" என்று அவ்வப்போது ஒரு கூக்குரல் கிளம்புகிறது. கிளம்பியதும் பழி யார் தலையில் விழுகிறது? இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு, கோழி கூவுமுன் எழுந்து, கறந்த பாலைச் சங்கத்துக்குச் சுமந்து செல்கிறானே ஏழை உழவன், அவன் தலையில். தெருத்தெருவாகச் சைக்கிள் மிதித்துப் பால் ஊற்றுகிறானே பால்காரன், அவன் தலையில். கலப்படக்காரனுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. கலப்படம் செய்பவன் எவனாயினும் சட்டத்தின் முன் நிற்கத்தான் வேண்டும். ஆனால் கூக்குரலை வைத்துக் குற்றவாளியைத் தீர்மானிப்பதா, கணக்கை வைத்துத் தீர்மானிப்பதா?

கணக்கைப் பார்ப்போம். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடெங்கும் 1,103 நகரங்களிலிருந்து 6,432 பால் மாதிரிகளை எடுத்து ஆய்வகத்தில் சோதித்தது. 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. உயிருக்கு ஊறு செய்யும் கலப்படப் பொருள் இருந்த மாதிரிகள் எத்தனை? 12. மாட்டுக்குக் கொடுத்த மருந்தின் மிச்சம் அளவு மீறி இருந்தவை? 77. அஃப்ளாடாக்சின் எம்-1 என்னும் பூசண நஞ்சு அளவு மீறி இருந்தவை? 368!

நாட்டையே அதிர வைத்த கூக்குரலுக்கு உரியவை 12. எவரும் வாய் திறந்து பேசாத நஞ்சுக்கு உரியவை 368. அந்த நஞ்சு அளவு மீறிய மாதிரிகள் எண்ணிக்கையில் மிகுதியாகத் தென்பட்ட மாநிலம் எது? வெட்கத்தோடு சொல்கிறோம், தமிழ்நாடு. இங்கே எடுத்த 551 மாதிரிகளில் 88, அதாவது நூற்றுக்குப் பதினாறு. நாடு முழுமைக்கும் நூற்றுக்கு ஆறுகூட இல்லை.

இந்த நஞ்சு எங்கிருந்து வந்தது? எவனும் பால்குடத்தில் கொண்டுவந்து ஊற்றவில்லை. மாட்டின் வாய் வழியாக வந்தது. மாடு தின்ற பிண்ணாக்கிலிருந்து, மக்காச்சோளத்திலிருந்து, பருத்திக்கொட்டையிலிருந்து வந்தது.

இதன் கதை 1960-இல் இங்கிலாந்தில் தொடங்குகிறது. அந்த ஆண்டு அங்கே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் மாண்டன. காரணம் புரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். தேடித் தேடிப் பார்த்ததில், பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் போய் முடிந்தது வழி. அந்தப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் வளர்ந்திருந்தது. அது கக்கிய நஞ்சுக்கே அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். நஞ்சுள்ள பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் நஞ்சு இறங்குகிறது என்பதை 1963-இல் ஆல்கிராப்ட், கார்னகன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அறுபது ஆண்டுக்கு முன்னரே உலகம் அறிந்த உண்மை இது!

அது வெறும் கால்நடை நோயுமன்று. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையிலுள்ள பழங்குடி மக்களின் ஊர்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு மாண்டனர். நல்ல தானியம் வாங்க வழியில்லாதவர்கள் அவர்கள். சிறுகச் சிறுக உடலில் சேர்ந்தாலோ, இந்த நஞ்சு ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும். பெரியவர்களைவிட, உடல் எடைக்கு மிகுதியாகப் பால் குடிப்பது குழந்தை. அதனால்தான் இது நம் வீட்டுத் தொட்டில் பிரச்சினை என்கிறோம்.

காய்ச்சினால் போய்விடாதா என்று கேட்கலாம். போகாது. பால் பண்ணையில் சூடேற்றிக் குளிரவைத்துப் பையில் அடைத்தாலும் போகாது. ஆணையத்தின் ஆய்விலேயே, கறந்த பாலைவிடப் பையில் அடைத்த பாலில்தான் இந்த நஞ்சு மிகுதியாகத் தென்பட்டது.

எவ்வளவு தீவனத்தில் எவ்வளவு நஞ்சு? தோழர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாட்டுத் தீவனத்தில் இந்த நஞ்சு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறிட்டால் அதில் ஒரு கூறு. பாலில் கிலோவுக்கு அரை மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது. பத்து லட்சம் லிட்டர் பாலில் அரை கிராம் என்று பொருள். பசு தின்னும் நஞ்சில் நூற்றில் ஒன்று முதல் ஆறு பங்கு வரை பாலில் இறங்கும். இரண்டு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். பசு நாளொன்றுக்கு 5 கிலோ அடர்தீவனம் தின்று 10 லிட்டர் பால் கறக்கிறது. தீவனம் தரத்துக்கு உட்பட்டதானால் பாலில் லிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம், எல்லைக்குள் அடங்கும். அதே தீவனத்தில் நஞ்சு 100 மைக்ரோகிராமாக இருந்தால்? பாலில் 1 மைக்ரோகிராம்; எல்லையைப் போல இரு மடங்கு! மாட்டுக்காரன் ஒரு பாவமும் அறியான். அவன் கொடுத்தது காசு, வாங்கியது மூட்டை, மூட்டைக்குள் இருந்தது நஞ்சு.

மூட்டைக்குள் நஞ்சு வருவது எப்படி? அறுவடை நேரத்தில் மழை பிடிக்கிறது. காய் சரியாகக் காய்வதில்லை. நல்ல பருப்பு தின்பதற்கும் விதைக்கும் போகிறது. சூம்பியதும் சொத்தையும் செக்குக்குப் போகிறது. ஆட்டி எடுத்தால், நஞ்சின் பெரும்பகுதி எண்ணெயோடு போகாமல் பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது. அந்தப் பிண்ணாக்கு ஈரத் தரையில், காற்றோட்டமில்லாத கிடங்கில் அடுக்கப்படுகிறது. எஞ்சியதைப் பூசணம் பார்த்துக்கொள்கிறது.

சோதித்துப் பார்க்க வழியில்லையா? வழி இருக்கிறது, நாளுக்கு நாள் எளிதாகியும் வருகிறது. தொடக்கத்தில் தீவனத்தை வாத்துக் குஞ்சுக்குக் கொடுத்து, நாள் கணக்கில் காத்திருந்து, ஈரலை அறுத்துப் பார்த்தார்கள். பிறகு, தீவனச் சாற்றைப் பூச்சிட்ட கண்ணாடித் தகட்டில் ஓடவிட்டுப் புற ஊதா விளக்கில் பார்த்தார்கள். நீலமாக ஒளிர்ந்த நஞ்சுக்கு 'பி' என்றும் பச்சையாக ஒளிர்ந்ததற்கு 'ஜி' என்றும் பெயர் வந்தது அப்படித்தான். இன்று நூறு கோடியில் ஒரு பங்கைக்கூட அளந்து சொல்லும் பெருங்கருவிகள் வந்துவிட்டன. சில நிமிடங்களில் விடை சொல்லும் சோதனைப் பட்டைகளும் வந்துவிட்டன. நம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைச் சோதிக்கவென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. நஞ்சு மூட்டை முழுதும் பரவியிருக்காது. ஒரு பிடியில் குவிந்திருக்கும், பக்கத்துப் பிடியில் துளியும் இராது. ஒரு மூட்டையில் ஒரு பிடி அள்ளிச் சோதித்துவிட்டு, "கிடங்கு முழுதும் சுத்தம்" என்று முத்திரை குத்துவது கண்துடைப்பு. பல மூட்டைகளில், பல இடங்களில் எடுத்து, அரைத்துக் கலந்து சோதிப்பதே சோதனை.

ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறும் நம் நிலக்கடலைக்கு இந்த நஞ்சுக்கான ஆய்வுச் சான்று வேண்டும். சான்று இல்லையேல் சரக்கு நகராது. அவர்கள் தம் நாட்டுப் பாலுக்கு வைத்திருக்கும் எல்லை, நாம் வைத்திருப்பதில் பத்தில் ஒரு பங்கு. வெள்ளைக்காரன் கொறிக்கும் கடலைக்குச் சான்று உண்டு. நம் பிள்ளைக்குப் பால் தரும் பசுவின் தொட்டிக்குப் போகும் பிண்ணாக்குக்குச் சான்று எங்கே? 2020 சனவரியில் ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. விற்பனைக்கு வரும் கலப்புத் தீவனம் தர நிர்ணய முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்பது உத்தரவு. நல்லது என்றோம். நடைமுறைக்கு வரவேண்டிய நாள் வந்தது, நாள் தள்ளிப்போடப்பட்டது. மீண்டும் வந்தது; மீண்டும் தள்ளிப்போடப்பட்டது. பால்காரனைப் பிடிக்க ஒருநாள் போதும். தீவன ஆலையின் கதவைத் தட்டுவதற்கு மட்டும் இத்தனை தவணையா?

நாம் கேட்பது மூன்று. முதலாவது, சோதனை பால்குடத்தில் தொடங்கலாகாது. தீவன ஆலையின் வாயிலிலும் பிண்ணாக்குக் கிடங்கிலும் தொடங்க வேண்டும். இரண்டாவது, சோதனைச் செலவு மாட்டுக்காரன் தலையில் விழலாகாது. தீவனம் விற்று இலாபம் பார்ப்பவனும் அரசாங்கமும் ஏற்க வேண்டும். மூன்றாவது, முடிவு கோப்பில் உறங்கலாகாது. எந்தத் தீவனம் தேறியது, எது தவறியது என்று பால் சங்கத்தின் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

இது நடவாத காரியமன்று. நஞ்சுத் தீவனத்தை நிறுத்திய சில நாட்களிலேயே பசுவின் பாலிலிருந்து நஞ்சு நீங்கிவிடுகிறது. இவ்வளவு விரைவில் பலன் தரும் சீர்திருத்தம் வேறு எத்தனை இருக்கின்றன?

தோழர்கள் அவரவர் ஊர்ப் பால் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குப் போகட்டும். பூசணம் பிடித்த பிண்ணாக்கைத் தொட்டியில் போடாதீர்கள் என்று மாட்டுக்காரர்களிடம் எடுத்துச் சொல்லட்டும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்கச் சொல்லட்டும். பிறகு எழுந்து நின்று, தீவனம் வாங்கும் பொறுப்பிலுள்ளவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "இந்த மூட்டை சோதிக்கப்பட்டதா? சான்றைக் காட்டுங்கள்!"