கட்டைவிரல் காணிக்கை இனியும் வேண்டாம்

தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தத்தை எதிர்த்து எதிர்க்கட்சிகள் போராடிக் கொண்டிருந்த நேரம் அது. ஒரு வாரத்துக்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்து, மசோதா சட்டமாயிற்று. சம்மேளனங்களை அங்கீகரிக்கத் தேசிய விளையாட்டு வாரியம், வழக்குகளை விசாரிக்கத் தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயம், நிர்வாகிகள் தேர்தலை மேற்பார்வையிட ஒரு தேர்தல் குழு என மூன்று அமைப்புகளுக்கு இச்சட்டம் வழிவகுக்கிறது. யார் சம்மேளனத் தலைவராகலாம், எந்த வயது வரை பதவியில் நீடிக்கலாம் என்பவையே மசோதா குறித்த விவாதங்களில் பெரிதும் பேசப்பட்டன.

இவை தேவையற்றவை என்று யாரும் கூற முடியாது. பல ஆண்டுகளாகக் குடும்பச் சொத்தைப்போல நடத்தப்பட்ட சம்மேளனங்களுக்குக் கடிவாளம் அவசியம்தான். ஆனால், பதக்கங்கள் சம்மேளன அலுவலகத்தில் உருவாவதில்லை. அதிகாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நிற்கும் ஒரு பயிற்சியாளருக்கும், அவர் சொல்லை நம்பி ஓடும் ஒரு சிறுமிக்கும் இடையே அவை உருவாகின்றன. அந்த இருவருக்கும் இடையிலான உறவு எப்படி அமைய வேண்டும், அது முறிந்தால் யார் யாருக்குப் பொறுப்பு என்பது பற்றி நமது நாடாளுமன்றம் இன்றுவரை போதிய அளவு சிந்திக்கவில்லை.

சிறந்த பயிற்சியாளர்களுக்கு மத்திய அரசு வழங்கும் விருதுக்குத் துரோணாச்சாரியர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. 1985-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அந்த விருதை முதலில் பெற்றவர்களுள் ஒருவர் கேரளத்தின் ஓ.எம். நம்பியார். விமானப் படையில் பணியாற்றிய அவர்தான் பி.டி. உஷா என்ற சிறுமியின் திறமையைக் கண்டெடுத்தவர். ஓட்ட வீராங்கனையாக இருந்தவரைத் தடை தாண்டும் ஓட்டத்துக்குத் திருப்பியவரும் அவரே. 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் உஷா வெண்கலத்தை இழந்தபோது, நாடு உஷாவுக்காக மட்டுமல்லாமல் நம்பியாருக்காகவும் வருந்தியது. 1986-ஆம் ஆண்டு சோல் ஆசியப் போட்டியில் உஷா நான்கு தங்கங்களை வென்றபோதும் அந்த இணையையே கொண்டாடியது. 2021-இல் நம்பியார் மறைந்தார். அவருடைய மாணவி 2022-இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகி, அதே ஆண்டு இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவருமானார்.

குரு-சீடர் மரபின் உயர்ந்த முகம் இது. பணமும் வசதியும் இல்லாத காலத்தில் இந்திய விளையாட்டைத் தாங்கி நின்றது இத்தகைய தனிமனிதப் பற்றுதான். அதைக் குறைத்து மதிப்பிடுவது நன்றிகெட்ட செயலாகும். ஆனால், துரோணர் என்ற பெயருக்கு இன்னொரு கதையும் உண்டு. கேள்வி கேட்காமல் கட்டைவிரலை அறுத்துக் கொடுத்த ஏகலைவனின் கதை அது. குருவின் பெயரால் விருது கொடுக்கும் நாடு, சீடனுக்கு என்ன உரிமை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பயிற்சியாளரின் கையில் குவிந்திருக்கும் அதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். விளையாட்டு விடுதியில் சேரும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி பெற்றோரைப் பிரிந்து வாழ்கிறாள். அவள் எப்போது எழுவது, என்ன உண்பது, எந்தப் போட்டிக்குச் செல்வது, காயம் பட்டால் ஓய்வெடுப்பதா, வீட்டுக்கு எப்போது போவது என அனைத்தையும் பயிற்சியாளரே முடிவு செய்கிறார். அணித் தேர்விலும் பல நேரங்களில் அவர் சொல்லுக்கே மதிப்பு. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் ரயில்வே வேலையையோ, போலீஸ் வேலையையோ நம்பித்தான் அவளுடைய குடும்பமே இருக்கும். இத்தனையும் ஒருவர் கையில் இருக்கும்போது, அவரை எதிர்த்து ஒரு சொல் சொல்ல எந்தச் சிறுமிக்குத் துணிவு வரும்?

கேள்வி கேட்காத கீழ்ப்படிதலின் விலையை 2011-ஆம் ஆண்டு நாடு கண்டது. தொடர் ஓட்ட வீராங்கனைகள் உள்ளிட்டோர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினர். சீனாவில் வாங்கி, வெளிநாட்டுப் பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் சத்து மாத்திரைகளே காரணம் என்று அவர்கள் கூறினர். பயிற்சியாளர் பதவி நீக்கப்பட்டார். வீராங்கனைகளுக்கு முதலில் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் 2012-இல் அதை இரண்டு ஆண்டுகளாக உயர்த்தியது. உடலுக்குள் செல்லும் ஒவ்வொன்றுக்கும் விளையாடுபவரே பொறுப்பு என்பது ஊக்கமருந்துத் தடுப்பு விதி. அந்த விதியில் தவறில்லை. ஆனால், பயிற்சியாளர் நீட்டியதை வாங்கி விழுங்குவதே மரியாதை என்று வளர்க்கப்பட்டவர்களிடம், "நீ ஏன் கேட்கவில்லை?" என்று விசாரணையில் மட்டும் கேட்பது எப்படி நியாயமாகும்?

அதிகாரமும் சுயநலமும் ஒரே இடத்தில் சேர்வது இன்னோர் ஆபத்து. டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின்போது, ஓர் ஆட்டத்தை விட்டுக் கொடுக்கும்படி தேசியப் பயிற்சியாளர் தமக்கு நெருக்கடி கொடுத்ததாக டேபிள் டென்னிஸ் வீராங்கனை மணிகா பத்ரா 2021-இல் குற்றம் சாட்டினார். அந்தப் பயிற்சியாளரின் சொந்தப் பயிற்சிக் கூடத்தில் பயிலும் இன்னொரு வீராங்கனைக்காகவே இந்த நெருக்கடி என்பது அவருடைய புகார். டோக்கியோவில் தம் சொந்தப் பயிற்சியாளரை ஆடுகளத்துக்குள் அனுமதிக்காததால், தேசியப் பயிற்சியாளரின் ஆலோசனையும் வேண்டாமென்று அவர் தனியாக ஆடினார். தேசிய முகாமுக்கு வராதவரை அணிக்குத் தேர்வு செய்ய முடியாது என்ற சம்மேளனத்தின் விதியை அதே ஆண்டு தில்லி உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2022 பிப்ரவரியில் சம்மேளன நிர்வாகத்தையே நீதிமன்றம் ஒரு நிர்வாகக் குழுவிடம் ஒப்படைத்தது. நாடறிந்த ஒரு வீராங்கனைக்கே நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்றால், மாவட்ட அளவில் ஆடும் ஏழைப் பெண்ணின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடக் கொடியது பாலியல் அத்துமீறல். 2021 மே மாதம் சென்னையில் பல ஆண்டுகள் தடகளப் பயிற்சி அளித்து வந்த ஒருவர், மாணவிகளின் புகாரின்பேரில் போக்ஸோ சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 2022 ஜூன் மாதம் ஸ்லோவேனியாவில் பயிற்சியில் இருந்த சைக்கிள் பந்தய வீராங்கனை ஒருவர், பயிற்சியாளர் தம்மிடம் முறைகேடாக நடந்து கொண்டதாகப் புகார் அளித்தார். அணி திருப்பி அழைக்கப்பட்டது. இந்திய விளையாட்டு ஆணையம் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. பெண்கள் இடம்பெறும் அணியுடன் பெண் பயிற்சியாளர் ஒருவரும் செல்ல வேண்டும் என்ற உத்தரவு அதன் பிறகே வந்தது. விபத்து நடந்த பின் வேகத்தடை போடும் நமது வழக்கம் விளையாட்டையும் விட்டு வைக்கவில்லை.

2023 ஜனவரியில் மல்யுத்த வீராங்கனைகள் தில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தபோது, அவர்கள் விரல் நீட்டியது சம்மேளனத்தின் அன்றைய தலைவரை நோக்கி. அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். 2024 மே மாதம் தில்லி நீதிமன்றம் அவர் மீது குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்ய உத்தரவிட்டது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால், அப்போராட்டம் வெளிப்படுத்திய ஓர் உண்மைக்குத் தீர்ப்பு தேவையில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. விளையாட்டு மைதானமும் பயிற்சி மையமும் பணியிடமே என்று அச்சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது. அப்படியிருந்தும், 30 தேசியச் சம்மேளனங்களில் 15 சம்மேளனங்கள் சட்டப்படியான உள்விசாரணைக் குழுவை அமைக்கும் கடமையை நிறைவேற்றவில்லை என்ற செய்தியின் அடிப்படையில், தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2023 மே மாதம் நோட்டீஸ் அனுப்ப நேர்ந்தது. சட்டம் இல்லாமல் நேர்ந்த குறை இது என்று எவரும் சொல்லிவிட முடியாது.

உரிமை, விதி என்று பேசத் தொடங்கினால் பயிற்சியாளரின் கண்டிப்பு தளர்ந்துவிடும்; கண்டிப்பு இல்லாமல் பதக்கம் ஏது என்று கேட்போர் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்குக்கு முந்தைய மூன்று மாதங்கள் பி.வி. சிந்துவிடம் கைப்பேசியே இல்லாதபடி பார்த்துக் கொண்டவர் புல்லேலா கோபிசந்த். சிந்து வெள்ளி வென்றார். நாடு அந்தக் கண்டிப்பைப் பாராட்டியது.

ஆனால், அதே கோபிசந்தின் வாழ்க்கையில் இன்னோர் அத்தியாயம் உண்டு. அவரிடம் பயின்று 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சாய்னா நெவால், 2014-இல் அவரைப் பிரிந்து பெங்களூரில் விமல் குமாரிடம் சென்றார். பிரிவு இருவருக்கும் வலித்தது. ஆயினும் 2015-இல் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தார் சாய்னா. பின்னர் 2017-இல் மீண்டும் கோபிசந்திடமே திரும்பினார். 2018 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். விலகியதற்காக எவரும் அவருடைய எதிர்காலத்தை முடக்கவில்லை. திரும்பியபோது கதவும் அடைக்கப்படவில்லை. கண்டிப்புக்கும் அடக்குமுறைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். விலகிச் செல்லும் உரிமை உள்ளவர் ஏற்றுக்கொள்ளும் கண்டிப்பு, பயிற்சி. அந்த உரிமை இல்லாதவர் மீது சுமத்தப்படும் கண்டிப்பு, ஆதிக்கம். சாய்னாவுக்கு அந்த உரிமையைத் தந்தது அவருடைய புகழ். புகழ் இல்லாதவர்களுக்கு அதைச் சட்டம்தான் தர வேண்டும்.

பயிற்சியாளர்களின் குறைகளையும் பேசியாக வேண்டும். கிராமத்துப் பள்ளியில் ஒரு சிறுவனைக் கண்டுபிடித்து, சொந்தச் செலவில் காலணி வாங்கிக் கொடுத்து ஐந்தாறு ஆண்டுகள் வளர்ப்பவர் ஒருவர். அவன் தேசிய முகாமுக்குச் சென்ற பின் கேமராக்களின் முன் நிற்பவர் வேறொருவர். ஒப்பந்த ஊழியராகக் காலம் தள்ளுவோர் ஏராளம். அடுத்த போட்டியில் பதக்கம் வராவிட்டால் தம் வேலை போய்விடும் என்று அஞ்சும் பயிற்சியாளர், காயம்பட்ட வீரனுக்கு ஓய்வு தர யோசிக்கவே செய்வார். பயிற்சியாளரின் அச்சம் மாணவனின் முழங்காலில் போய் முடிகிறது. பாதுகாப்பற்ற ஒருவரிடம் இன்னொருவரின் பாதுகாப்பை ஒப்படைப்பது அறிவுடைமை ஆகாது.

புதிய சட்டம் சம்மேளனங்களுக்கு ஒழுக்க நெறிமுறையையும், பெண்களையும் சிறார்களையும் காக்கும் கொள்கையையும், குறைதீர்க்கும் ஏற்பாட்டையும் வலியுறுத்துகிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால், நெறிமுறை என்பது அலுவலகச் சுவரில் தொங்கும் சட்டமிட்ட காகிதமாகிவிடக் கூடாது. சில அடிப்படைகள் தெளிவாக எழுதப்பட வேண்டும். அணியைத் தேர்வு செய்பவரும், தனிக் கட்டணத்துக்குப் பயிற்சி அளிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. பயிற்சியாளரை மாற்றிக்கொள்ள விரும்பும் வீரர் அக்காரணத்தாலேயே முகாமிலிருந்தோ அணியிலிருந்தோ நீக்கப்படக் கூடாது. சிறார்களுடனான தனிச் சந்திப்புகள் பிறர் பார்வைக்கு எட்டும் இடத்தில்தான் நடக்க வேண்டும். அமெரிக்க விளையாட்டு அமைப்புகள் இதை ஏற்கெனவே விதியாக்கியுள்ளன. புகாரை விசாரிப்பவர் சம்மேளனத்தின் தயவில் இல்லாதவராக இருக்க வேண்டும். பாட்டியாலாவில் 1961 முதல் இயங்கும் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் தொடங்கி, பயிற்சியாளர்களை உருவாக்கும் ஒவ்வோர் இடத்திலும் உடலியலுக்குத் தரும் அதே முக்கியத்துவம் சிறார் பாதுகாப்புக்கும் தரப்பட வேண்டும். பயிற்சியாளர்களுக்கு நியாயமான ஊதியமும் பணிக் காலமும் உறுதி செய்யப்பட வேண்டும்.

2024 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 கிராம் கூடுதல் எடைக்காக வினேஷ் போகாட் தகுதி நீக்கப்பட்டபோது மக்களவையில் அறிக்கை அளித்த விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா, அவருக்காகச் செலவிட்ட தொகை ரூ. 70 லட்சத்துக்கும் மேல் என்று கணக்குச் சொன்னார். எடையைக் காப்பது வீராங்கனை, அவருடைய பயிற்சியாளர் ஆகியோரின் பொறுப்பு என்று சில நாள்களில் ஒலிம்பிக் சங்கத் தலைவர் உஷா அறிக்கை விட்டார். செலவுக்கு அரசிடம் கணக்கு இருக்கிறது. தோல்விக்குப் பொறுப்பாக்க இருவர் இருக்கிறார்கள். அந்த இருவருக்கும் இடையிலான உறவை வளர்க்கவும் காக்கவும் யார் பொறுப்பு என்பதற்குத்தான் விடையில்லை.

ஒரு சட்டத்தின் உயிர் பெரும்பாலும் அதன் கீழ் வகுக்கப்படும் விதிகளில்தான் இருக்கிறது. அந்த விதிகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படுகின்றன. அவற்றைத் திருத்தவோ நிராகரிக்கவோ உறுப்பினர்களுக்கு அதிகாரம் உண்டு. அவற்றை ஆராய இரு அவைகளிலும் தனிக் குழுக்களும் உள்ளன. மசோதாவை விவாதிக்கக் கிடைக்காத நேரத்தை விதிகளை ஆராய்வதிலாவது உறுப்பினர்கள் ஈடுகட்டலாம். அவையில் மேசையைத் தட்டிப் பதக்கத்தைப் பாராட்டுவதில் ஆளும்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் இருந்ததில்லை. அந்தப் பதக்கத்துக்காக ஊரையும் உறவையும் விட்டு வந்து விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்காகக் குரல் கொடுப்பதிலும் அந்தப் பேதம் இருக்க வேண்டியதில்லை.