மலையில் 15 பவுண்டு

செவிலியர் பயிற்சியின் தொடக்கத்திலேயே மனப்பாடமாகிவிடும் எண்கள் சில உண்டு. கருவிகளை நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் என்றால் 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி செல்சியஸ், 15 நிமிடம். துணியில் சுற்றிய செட் என்றால் 30 நிமிடம். தேர்வில் மதிப்பெண் தரும் இந்த எண்கள் கடல்மட்டக் கணக்கு. சென்னையிலும் மதுரையிலும் பயிலும் மாணவிக்கு அதை யாரும் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை எழுவதில்லை. அதே மாணவி பணி நியமனம் பெற்றுப் பழனி மலைக்கு ஏறும்போது அந்தச் சொல்லப்படாத ஒரு வரி பெரிதாகிவிடுகிறது. கொடைக்கானல் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பள்ளங்கி, வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் என்று சுற்றியுள்ள ஊர்கள் ஒவ்வொன்றும் ஓர் உயரம். மலையில் பருப்பு வேக நேரமாகும் என்பது அங்குள்ள எல்லா வீட்டுக்கும் தெரியும். பிரசவ அறைக் கருவிகளுக்கும் அதே இயற்கைதான் பொருந்தும் என்பது நம் பதிவேடுகளில் ஏறவில்லை.

ஆட்டோகிளேவின் கேஜ் காட்டுவது கலத்துக்குள் இருக்கும் மொத்த அழுத்தத்தை அல்ல. வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே அது காட்டும். கடற்கரையில் வெளிக்காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, கேஜின் 15-ஐச் சேர்த்தால் 29.7. நீராவி 121 டிகிரியைத் தொடுவது அந்த அழுத்தத்தில்தான். கொடைக்கானல் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 11.4 பவுண்டு. கேஜ் அதே 15-ஐக் காட்டினாலும் கூட்டுத்தொகை 26.4தான், நீராவியின் வெப்பம் 117 டிகிரிக்கு அருகில் நின்றுவிடும். நான்கு டிகிரி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் நுண்ணுயிர் வித்துகளை (ஸ்போர்களை)க் கொல்லப் பத்து மடங்கு நேரம் வேண்டும் என்பது கிருமிநீக்கவியலின் அடிப்படைக் கணக்கு. அந்தக் கணக்கில் 117 டிகிரியில் ஓடும் 15 நிமிடத்துக்கு 121 டிகிரியில் ஓடும் 6 நிமிடத்தின் மதிப்புதான் உண்டு. 30 நிமிடச் சுற்றுக்கு 12 நிமிட மதிப்பு. இதனால்தான் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் அரை பவுண்டு கூட்ட வேண்டும் என்ற விதி வந்தது. ஏழாயிரம் அடி உயரமுள்ள கொடைக்கானலில் கேஜ் 18.5-ஐக் காட்ட வேண்டும்.

உயரம் கூடினால் எல்லா நேரத்தையும் கூட்டிவிட வேண்டும் என்று இதைப் புரிந்துகொள்வதும் பிழை. கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இருந்தாலும் கருவிகளை 20 நிமிடம் கொதிக்கவைக்கும் உயர்நிலைத் தொற்றுநீக்கத்துக்கு அங்கே கூடுதல் நேரம் தேவையில்லை; அந்த முறைக்கு 80 டிகிரி ஈரவெப்பமே போதும். கொதிநீர் எந்த ஊரிலும் டெட்டனஸ் வித்துகளை உறுதியாகக் கொல்வதில்லை. அது கிருமிநீக்கம் ஆகாது என்பது சமவெளிக்கும் மலைக்கும் ஒன்றே. ஆக ஒரு முறைக்கு உயரம் பொருட்டில்லை, இன்னொரு முறைக்கு உயரமே எல்லாம். இந்த வேறுபாட்டை எண்களை மனப்பாடம் செய்தவரால் சொல்ல முடியாது. எண் எதற்காக வந்தது என்று அறிந்தவரால்தான் முடியும். செவிலியத்தின் தொழில்தரம் தொடங்கும் இடம் இதுவென்று நாம் கருதுகிறோம். கேஜ் 15-ஐத் தொட்டது என்று எழுதிக் கையொப்பமிடுவது நெறிமுறையைப் பின்பற்றுவது. உள்ளே இருந்த கருவி கிருமியற்றது என்று பொறுப்பேற்பது தொழில்.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. இப்போது வரும் தானியங்கி ஆட்டோகிளேவ்கள் வெப்பத்தையே அளந்து ஓடுகின்றன, ஊசியும் கையுறையும் ஒருமுறைப் பயன்பாட்டுக்கு மாறிவிட்டன, பிறகு ஏன் இந்தக் கவலை என்பார்கள். வெப்ப உணரி கொண்ட கருவி உள்ள இடத்தில் கவலை குறைவுதான். ஆனால் சிறிய நிலையங்களில் கேஜை மட்டுமே நம்பி ஓடும் செங்குத்து ஆட்டோகிளேவ் இன்னும் மறையவில்லை. பிரசவ செட், தையல் செட், காப்பர்-டி செட் எதுவும் ஒருமுறைப் பொருள் அல்ல. இரண்டாவது மறுப்பு, இதனால் மலையில் யாருக்கேனும் தொற்று வந்ததாகச் சான்று உண்டா என்பது. எந்த நிலையத்தின் மீதும் குற்றம் சுமத்துவது நம் நோக்கம் அல்ல. புத்தக நேரத்துக்குள் ஒரு பாதுகாப்பு உபரி இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த உபரி வேறு குறைகளைத் தாங்குவதற்காக வைக்கப்பட்டது: நெருக்கி அடுக்கிய லோடு, முழுதாக வெளியேறாத காற்று, சரியாகக் கழுவாத கத்தரிக்கோல். மூடுபனி மாதங்களில் ஈரம் காயாமல் வெளியே வரும் பேக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரமான பேக்கைக் கிருமியற்றது என்று யாரும் ஏற்கக் கூடாது. உயரமே உபரியைத் தின்றுவிட்டால் மற்ற குறைகளைத் தாங்க ஒன்றும் மிஞ்சாது. சான்று இல்லை என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அறுவைக் காயத் தொற்றை 30 நாள்வரை கண்காணித்துத்தான் கணக்கிட வேண்டும். அறுவை முடிந்த பள்ளங்கிப் பெண் ஒருத்தி சில நாளில் வீடு திரும்பிவிடுகிறாள்; அதன்பின் காயம் சீழ் வைத்தால் அது எந்த ரெஜிஸ்டரிலும் ஆட்டோகிளேவோடு சேர்த்து எழுதப்படுவதில்லை. மலைக்கென்று தனிக் கணக்கு இல்லாவிட்டாலும் பொது நிலை தெரிந்ததே: உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் மருத்துவமனையில் அனுமதிக்கப்படும் 100 பேரில் 15 பேருக்கு அங்கேயே ஒரு தொற்றாவது ஏற்படுகிறது. செல்வ நாடுகளில் அது 7.

மூன்றாவது மறுப்புதான் நம்மை அதிகம் யோசிக்கவைக்கிறது. ஏற்கெனவே தாங்க முடியாத சுமையில் இருக்கும் செவிலியரின் தலையில் இன்னொரு பொறுப்பா என்று கேட்கிறார்கள். சுமை கூடினால் தரம் குறையும் என்பதற்குச் சான்று உண்டு. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே குழு 1999-இல் வெளியிட்ட ஆய்வில், கைசுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் 48 சதவீதத்தில்தான் அது நடந்தது. வேலை நெருக்கடி கூடக் கூட அதுவும் குறைந்தது. அறியாமையோ அக்கறையின்மையோ மட்டும் காரணம் என்றால் நெருக்கடியோடு இப்படி ஏறி இறங்காது. ஆகவே ஆள் கொடுக்காமல் தரம் கேட்பது முறையல்ல என்பதில் நமக்கு ஐயமில்லை. தமிழகத்தில் 2015 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) வழியாகத் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் திரும்பத் திரும்பத் தெருவுக்கு வர நேர்ந்தது. அதை வெறும் ஊதியப் பிரச்சினையாக நாம் பார்க்கவில்லை. அறுவை மருத்துவர் காத்திருக்கும்போது “இந்த லோடை ஏற்க முடியாது, மறுபடி ஓட்ட வேண்டும்” என்று சொல்ல வேண்டியவர் செவிலியர். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் அந்தத் துணிவை எப்படி எதிர்பார்ப்பது?

அந்தச் சொல்லுக்கு அதிகாரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் சான்று. அங்கே 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த திட்டத்தின் முடிவை பீட்டர் புரோனோவோஸ்ட் குழு 2006-இல் வெளியிட்டது. மையச் சிரைக் குழாய் பொருத்தும்போது ஐந்து எளிய விதிகள். விதி மீறப்பட்டால் மருத்துவரையே நிறுத்தச் சொல்லும் உரிமை உடனிருக்கும் செவிலியருக்கு. 1,000 குழாய் நாட்களுக்கு 7.7 என்றிருந்த சராசரி இரத்தத் தொற்று 18 மாதத்தில் 1.4 ஆனது. அங்கே புது மருந்து எதுவும் வரவில்லை.

மலைக்கு நாம் கேட்பதும் விலையுயர்ந்தது அல்ல. ஒவ்வொரு ஆட்டோகிளேவின் மீதும் அந்த நிலையத்தின் உயரமும் அதற்குரிய கேஜ் அளவும் எழுதி ஒட்டப்பட வேண்டும். கருவி அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்பதை உயிர்மருத்துவப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். பாதுகாப்பு வால்வை எவரும் தாமாகத் திருகக் கூடாது. தாங்காது என்றால் நேரத்தைக் கூட்ட வேண்டும், எவ்வளவு என்பதை உயிரியல் சோதனைக் குப்பி உறுதிசெய்ய வேண்டும். நிறம் மாறும் டேப், பேக் வெப்பத்தைக் கண்டது என்பதை மட்டுமே சொல்லும். ரெஜிஸ்டரில் நிராகரித்த லோடுகளுக்கு ஒரு பத்தி வேண்டும். அது நிரம்புவதைக் குறையாக மேலதிகாரிகள் எண்ணக் கூடாது. பிரசவத்துக்குப் பின் வீடு தேடிப் போகும் கிராம சுகாதாரச் செவிலியரின் குறிப்பேட்டில் காயத்தின் நிலைக்கு ஒரு கட்டம் சேர்த்து, அதை அறுவை நடந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினால் இதுவரை இல்லாத கணக்கு உருவாகும். 1947-ஆம் ஆண்டின் இந்திய செவிலியர் மன்றச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. அதன்கீழ் பாடத்திட்டமும் தரநெறிகளும் புதிதாக எழுதப்படும்போது, 121 டிகிரி என்ற வரிக்குப் பக்கத்தில் உயரத்துக்கான திருத்த அட்டவணையும் இடம்பெற வேண்டும் என்று மலை மாவட்டங்களின் செவிலியர் சங்கங்கள் இப்போதே எழுத்தில் கேட்கலாம்.