காசு கொடுத்து விழக் கற்றுக்கொள்வது

புனேயில் எங்கள் அபார்ட்மெண்ட் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளைக் கராத்தே, டேக்வாண்டோ என்று எதற்காவது அனுப்பாதவர்கள் குறைவு. நான் நாலு வருடமாக ஐகிடோ பழகுவதால் சிலர் எங்கள் வகுப்பையும் வந்து பார்ப்பார்கள். போகும்போது சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "என்ன சார், பாதி நேரம் உருண்டுக்கிட்டே இருக்காங்க? இதுக்கா ஃபீஸ்?"

இதுக்குத்தான் ஃபீஸ் என்பது என் கட்சி.

ஐகிடோவில் ஜோடியாகத்தான் பழக வேண்டும். எறிபவர் நாகே, எறியப்படுபவர் உகே. நாலு தடவைக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வோம். ஆக, சரிபாதி நேரம் நாம் விழுகிற ஆள். இந்த விழும் வித்தைக்குப் பெயர் உகேமி. 'உடம்பால் வாங்கிக்கொள்வது' என்று சொல்லலாம். தோற்பது என்ற அர்த்தமே அதில் கிடையாது. நாமோ குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிக்கிற ஊர்க்காரர்கள். அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு உறுத்துகிறதோ என்னவோ :-)

முன்னால் உருளுவதைப் பார்த்துவிட்டுக் குட்டிக்கரணம் என்கிறார்கள். இல்லைங்க. குட்டிக்கரணத்தில் பிடரியை ஊன்றி முதுகெலும்பின் மேலேயே நேராகப் புரளுகிறோம். அதையே சிமெண்ட் தரையில் போட்டால் தெரியும் சேதி. உகேமியில் முதலில் தரையைத் தொடுவது சுண்டுவிரல் பக்கத்துக் கை ஓரம். பிறகு முழங்கை, தோள், அங்கிருந்து முதுகில் குறுக்காக எதிர்ப்பக்க இடுப்பு. முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்கும், தலை தரையில் படவே கூடாது. ஒரே இடத்தில் விழ வேண்டிய அடி உடம்பு நெடுகப் பரவிவிடுகிறது.

படித்தால் ஒரு நிமிடத்தில் புரியும். ஆனால் கால் வழுக்கிய பிறகு யோசிக்க ஏது நேரம்? தடுமாறுகிறவன் உள்ளங்கையை நீட்டி ஊன்றத்தான் பார்ப்பான், மணிக்கட்டு முறிவது அப்படித்தான். கோலிஸ் என்ற அயர்லாந்து டாக்டர் 1814ல் விவரித்த அந்த முறிவுக்கு இன்றும் அவர் பெயர்தான். அந்தக் கையை மடக்கி, வளைத்து, உருளப் பழக்குவதற்குத்தான் ஆயிரம் தடவை உருளுவது.

விழத் தெரியாத பிள்ளையை எறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் பள்ளிகளே சாட்சி. 1983 முதல் 2011 வரை அங்கே பள்ளி ஜூடோவில் மட்டும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் தலைக்காயம், அதிலும் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதிகம். 2012ல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலையைக் கட்டாயமாக்கியபோது இது பெரிய விவாதமானது. ஐகிடோவிலும் ஷிஹோநாகே என்று ஒன்று உண்டு. கையைத் தோளுக்குப் பின்னால் மடக்கி இறக்குவார்கள். கூடவே இறங்கத் தெரியாவிட்டால் பின்மண்டைதான் முதலில் தரைக்குப் போகும்.

"அவங்க தானா விழறாங்க, எல்லாம் நாடகம்" என்றும் ஒரு குற்றச்சாட்டு. சில இடங்களில் உண்மைதான், எனக்கும் பிடிக்காது. எறிவதற்கு முன்பே விழுந்துவிடும் உகே, தானும் கற்பதில்லை, எறிபவரையும் கற்கவிடுவதில்லை. ஆனால் நல்ல உகே கடைசிவரை தாக்குதலை விடமாட்டார். உருண்டு எழும்போதே மறுபடி உங்களைப் பார்த்தபடிதான் எழுவார். விழப் பயப்படுகிறவர் விறைத்துப் போவார். அவரை முழு வேகத்தில் யாராலும் எறிய முடியாது.

இன்னொன்று. ராத்திரி பதினோரு மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தால் நமக்கெல்லாம் முதலில் ஓடுவது 'பாத்ரூம்ல வழுக்கிட்டாங்களோ' என்பதுதானே? உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட கணக்குப்படி, விழுந்து சாகிறவர்கள் வருடத்துக்கு 6,84,000 பேர். அறுபதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். தெருவில் எவனாவது கத்தியோடு வருவான் என்று பிள்ளைக்குத் தற்காப்பு சொல்லித்தருகிறோம். ஈரத்தரை தினமும் காலுக்கடியில் இருக்கிறது. எழுபது வயது அப்பாவை உருளச் சொல்லமாட்டேன். நாற்பது வயதுக்காரர்களுக்கு என்ன கேடு?

வகுப்பில் சேர்க்கும்போது பெல்ட் எப்போது என்று கேட்பதற்குப் பதில், என் பிள்ளையை முதல்முறை எறிவதற்கு முன்னால் எத்தனை வாரம் விழப் பழக்குவீர்கள் என்று கேளுங்கள். எங்கள் வகுப்பில் முதலில் உட்கார்ந்தபடி பின்னால் உருளுவது மட்டும்தான். போரடிக்கும். எதிர்வீட்டுப் பையன் மூன்றாவது வாரமே நின்றுவிட்டான், இப்போது கராத்தேயில் ஆரஞ்சு பெல்ட். அவன் அம்மா மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.