பழைய கணினிக்கும் வைஃபை

சகோதரிகளே! 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்ப, நம் துயரைக் கடைக்காரரிடம் சொல்லித்தான் ஆகவேண்டுமா? வீட்டிலுள்ள பழைய மேசைக் கணினிக்கு வைஃபை கார்ட் பூட்டினால், கைபேசியின் இணையத்தை அதிலும் பாவிக்கலாம்.

கணினியில் இருப்பது பி.சி.ஐ. ஸ்லொட்டா, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லொட்டா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றுக்குரிய கார்ட் மற்றதில் பொருந்தாது. சிலாபத்து உப்புக்காற்றில் ஸ்லொட் கறள் பிடித்திருந்தால் யூ.எஸ்.பி. வகையே நல்லது.

மின்வயரைக் கழற்றுங்கள். உடலிலுள்ள நிலைமின் கார்ட்டைப் பழுதாக்கலாம். முதலில் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொடுங்கள். கார்ட்டை நேராக அழுத்தி, திருகாணியை இறுக்கி, அன்ரெனாவைப் பூட்டுங்கள். பின் அதற்குரிய மென்பொருளை நிறுவுங்கள்.

கைபேசியில் ஹொட்ஸ்பொட்டைத் திறந்து நீண்ட கடவுச்சொல் இடுங்கள். பிள்ளையின் பிறந்த திகதி வேண்டாம். நம் கடிதத்தை நாமே எழுதுவோம்.