ஆடுகிறவர்களுக்கு எங்கே சங்கம்?

சங்கம் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆலை வாசலும் ரயில்வே பணிமனையும்தான். மட்டை பிடிக்கிறவர்களுக்கும் சங்கம் உண்டு. இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 1967லேயே சங்கம் கண்டார்கள். 1998ல் பல நாட்டுச் சங்கங்கள் கூடி அமைத்த கூட்டமைப்பு, இன்று உலகக் கிரிக்கெட்டர்கள் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது. உலகிலேயே பணம் கொழிக்கும் வாரியம் நம்முடையது. நம் ஆட்டக்காரர்களோ அதில் இல்லை!

ஏன் இந்த நிலை? 2002ல் பட்டோடி தலைமையில் எழுந்த சங்கத்தை வாரியம் அங்கீகரிக்கவில்லை. அது மங்கி மறைந்தது. லோதா குழுவின் பரிந்துரையை 2016ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற பிறகே, 2019ல் இந்தியக் கிரிக்கெட்டர்கள் சங்கம் பிறந்தது. வாரியத்தின் உயர்மட்டக் குழுவில் அதற்கு இரண்டு இடங்கள் கிடைத்தன.

அதில் ஓர் இடத்துக்குப் போட்டியின்றித் தேர்வானவர், சென்னையில் பிறந்து கர்நாடகத்துக்கு ஆடிய சாந்தா ரங்கசாமி. 1976 அக்டோபர் 31 அன்று இந்தப் பெங்களூரில் இந்தியப் பெண்கள் அணி தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தைத் தொடங்கியபோது தலைவி அவரே. முன்பதிவில்லாப் பெட்டியில் பயணம் செய்து ஆடிய தலைமுறை அது. அந்தப் பயணத்தின் அருமை நமக்குத் தெரியும். அத்தகையவருக்கு வாரியத்தில் நாற்காலி கிடைக்க 43 ஆண்டுகள் ஆயின! இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் இச்சங்கத்தில் ஓய்வு பெற்றவர்களே உறுப்பினராகலாம். இன்று களத்தில் நிற்பவருக்கு இடமில்லை. ரஞ்சி ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு ஆட்ட நாளுக்குத்தான் ஊதியம். காயம்பட்டு உட்கார்ந்தால் கேட்க நாதியில்லை. பென்ஷன்காரர்கள் சங்கம் தேவைதான். அது வேலையில் இருப்பவர்களின் சங்கம் ஆகிவிடுமா?

2017ல் ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். வருமானத்தில் பங்கு என்ற பழைய ஏற்பாட்டை ஒழிக்க வாரியம் முனைந்தது. முன்னணி வீரர்களுக்கு மட்டும் லாபத்தில் பங்கு தருவதாக ஆசை காட்டியது. மேஸ்திரிக்குக் கூலியைக் கூட்டிச் சித்தாளைக் கைவிடும் அதே தந்திரம்! முன்னணி வீரர்கள் மயங்கவில்லை. ஜூன் 30 அன்று ஒப்பந்தம் முடிந்து சுமார் 230 பேர் வேலையின்றி நின்றார்கள். ஆகஸ்டு 3 அன்று வாரியம் இறங்கி வந்தது; பங்கும் நிலைத்தது.

நம் நட்சத்திரங்கள் கோடிகளில் வாழ்கிறார்கள். அவர்களுக்குச் சங்கம் தேவைப்படாமல் இருக்கலாம். பெயர் தெரியாத ரஞ்சி வீரனுக்குத் தேவை. மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்காக நிற்காத இடத்தில் சங்கம் வளராது. இது மைதானத்துக்கும் பொருந்தும்; நாம் கல் சுமக்கும் கட்டடத்துக்கும் பொருந்தும்.