அமைதிப்படைக் கோப்புகளைத் திறக்கச் சொல்வோம்!



நாவலூரில் நாம் வேலைக்குப் போகும் சாலைக்கு ராஜீவ் காந்தி சாலை என்று பெயர். கம்பெனிப் பேருந்துகளும் தண்ணீர் லாரிகளும் விடிய விடிய ஓடும் இந்தச் சாலையில் நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவோடு அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். கையெழுத்தின் ஈரம் காயும் முன்பே, ‘அமைதிப்படை’ என்ற பெயரில் நம் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு இல்லை. எந்தச் சிப்பாயின் வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. ஈழத்து மக்களிடமும் கேட்கவில்லை. அந்த முடிவுக்கு இன்றுவரை யார் பதில் சொன்னார்கள்?

ராஜீவ் காந்தி 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். அந்தக் கொலையை நாம் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டோம். ஆனால் அந்தத் துயரத்தைக் காட்டி, அதற்கு முன் நம் படை இலங்கையில் இருந்த இரண்டரை ஆண்டுகளை மூடி வைப்பதையும் ஏற்க மாட்டோம்.

சண்டையை நிறுத்தப் போன படை, 1987 அக்டோபர் இரண்டாம் வாரத்தில் தானே சண்டையின் ஒரு தரப்பானது. ‘பவன்’ என்று பெயரிட்ட அந்த நடவடிக்கையின் தொடக்கத்திலேயே, அக்டோபர் 11 நள்ளிரவில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரை இறக்கினார்கள். விடுதலைப் புலிகள் முன்கூட்டியே அறிந்து காத்திருந்தார்கள். 29 பேர் செத்தார்கள், ஒருவர் சிறைபட்டார். பஞ்சாபின் ஏதோ கிராமங்களில் பிறந்த அந்தப் பையன்களுக்கு யாழ்ப்பாணத்து மக்கள் மீது என்ன பகை? அவர்களைச் சுட்டவர்களுக்கும் பஞ்சாபின் மீது என்ன பகை?

பத்தே நாளில் தீபாவளி. அக்டோபர் 21. யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் நம் படை புகுந்தது. மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்கள், படுக்கையில் கிடந்த நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் அங்கே உயிரிழந்தார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் புலிகள் தாக்கிச் சில சிப்பாய்கள் மாண்டதும், நம் படையினர் ஊர் மக்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்று வீடுகளைக் கொளுத்தினார்கள். பெண்களுக்கு நடந்த கொடுமைகளை ராஜினி திரணகம ‘முறிந்த பனை’ நூலில் எழுதி வைத்தார். எல்லாத் தரப்பின் துப்பாக்கியையும் கேள்வி கேட்ட அந்த மருத்துவப் பேராசிரியர் 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவற்றைப் பேசும் நம் தோழர்களில் பலர், செத்துப்போன சிப்பாயைப் பற்றிப் பேசத் தயங்குகிறார்கள். சிப்பாயைப் போற்றுகிறவர்களோ மருத்துவமனையைப் பற்றி வாய் திறப்பதில்லை. இரண்டு மௌனமும் ஒரே ஆட்களைத்தான் காப்பாற்றுகின்றன: உத்தரவு போட்டவர்களை.

பறங்கிமலைக்குப் போய்ப் பாருங்கள். அங்குள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் அணிவகுப்பு மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர். அங்கே பயிற்சி பெற்ற தமிழர் அவர். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில், தமிழ் பேசும் எதிரியின் குண்டை மார்பில் வாங்கிச் செத்தார். பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள். தமிழனைத் தமிழன் சுடும்படி ஏன் நேர்ந்தது என்பதற்குப் பதில் கொடுக்கவில்லை. அந்தப் படையில் ஏறத்தாழ 1,200 பேர் திரும்பி வரவில்லை. ஆயிரக்கணக்கானோர் உடல் ஊனமாகி வந்தார்கள். கை கால் போனவருக்குக் கணக்கு இருக்கிறது. தூக்கம் போனவருக்கு யார் கணக்கு வைத்தார்கள்? குடித்தே அழிந்தவரை, பேச்சற்றுப் போனவரை எந்தப் பதிவேட்டில் தேடுவது? 1990 மார்ச் 24 அன்று கடைசி அணி திரிகோணமலையிலிருந்து கப்பல் ஏறியது. திரும்பிய படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்ற படை என்று அன்று ஊரே கொதித்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோபம் முழுவதும் வந்து விழுந்தது துப்பாக்கி சுமந்தவன் தலையில்.

சிப்பாய்க்கு மனச்சாட்சி இல்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். அமைதிப்படையின் 54-ஆவது டிவிஷனுக்குத் தலைமை தாங்கிய மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் தன் நூலில் எழுதியிருக்கிறார்: பேச்சுக்கு வரும் புலிகளின் தலைவர் பிரபாகரனைப் பிடிக்கவோ சுடவோ சொல்லித் தனக்குத் தூதரகத்திலிருந்து சொல் வந்தது என்றும், வெள்ளைக் கொடியோடு வருபவரைச் சுட மாட்டோம் என்று மறுத்ததாகவும். தூதரகம் சுடச் சொன்னது, ராணுவம் மறுத்தது என்றால், அரசின் கோப்புகளில் வேறு என்னவெல்லாம் இருக்கும்?

மறுக்க முடியும் தோழர்களே! 2003-இல் ஈராக்குக்கு இந்தியப் படையைக் கேட்டது அமெரிக்கா. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. நாடாளுமன்றம் அந்தப் போரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஜூலையில் வாஜ்பாய் அரசு, ஐ.நா. ஆணையில்லாமல் படை அனுப்ப மாட்டோம் என்று கைவிரித்தது. நம் பிள்ளைகள் பாக்தாத் தெருக்களில் சாகவில்லை, அந்த ஊர்ப் பிள்ளைகளைக் கொல்லவும் இல்லை. ஆனால் அதை உறுதி செய்யும் சட்டம் இன்றும் இல்லை. நாளைக்கு ஒரு பிரதமர் நினைத்தால், நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் இல்லாமலே அண்டை நாட்டுக்குப் படை அனுப்பலாம்.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். போர் ஆவணங்களை 25 ஆண்டுகளில் வெளிப்படுத்துவது குறித்து 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகமே கொள்கை அறிவித்தது. அமைதிப்படை திரும்பி 35 ஆண்டுகள் கடந்துவிட்டன. பவன் நடவடிக்கையின் கோப்புகளைத் திறந்து, மருத்துவமனையிலும் வல்வெட்டித்துறையிலும் நடந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். இனி நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்தாமல் ஒரு சிப்பாயையும் பிற மண்ணுக்குப் போருக்கு அனுப்பக் கூடாது என்று சட்டம் வேண்டும்.

அவசரம் ஏன் என்கிறீர்களா? அன்று இருபது வயதில் போன ஜவான் இன்று அறுபதை நெருங்குகிறார். அதிகாரிகள் எண்பதைத் தொடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பெற்றவரை இழந்து இங்கே வாடகை வீட்டில் இருக்கும் அக்காக்களும் முதுமையில் இருக்கிறார்கள். சாட்சிகள் போய்விட்டால் கோப்பு திறந்தும் பயனில்லை.

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், கேளம்பாக்கம் தோழர்களே! உங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ராணுவத்தார் இருந்தால் இந்த வாரமே போய்க் கதவைத் தட்டுங்கள். சண்டை போடப் போகாதீர்கள். அவர் சொல்வதை எழுதி வாங்குங்கள். ஈழத்துக் குடும்பம் இருந்தால் அங்கும் போங்கள். மார்ச் 24 மாலை 5 மணிக்கு நாவலூர் சந்திப்பில் இரு தரப்பாரையும் ஒரே மேடையில் அமர்த்தி, கையெழுத்திட்ட மனுவை நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுப்போம். சிறுசேரியில் ஷிப்டு முடித்து வருகிறவர்கள் நேரே வந்துவிடுங்கள். தனியாக வராதீர்கள், வீட்டிலிருந்து இன்னொருவரையும் அழைத்து வாருங்கள்.