புலி வருது... வைரஸ் வருது!

கம்ப்யூட்டருக்கு வைரஸ் வருவதைவிட, வைரஸ் வந்துவிட்டது என்ற சேதி வருவதுதான் அதிகம். நிஜ வைரஸ் சத்தம் போடாமல் வரும். பொய் வைரஸ்தான் மேளதாளத்தோடு வரும். கன்னம் வைக்கிற திருடன் காலிங் பெல் அடிப்பானா, நீங்களே சொல்லுங்கள்!

இந்தப் புரளி ஒன்றும் புதுசில்லை. 1994-ல் 'குட் டைம்ஸ்' என்று ஒன்று கிளம்பியது. அந்தத் தலைப்பில் ஈமெயில் வந்தால் திறக்காதீர்கள், படித்தாலே ஹார்ட் டிஸ்க் காலி என்று எச்சரிக்கை. அப்படி ஒரு வைரஸே கிடையாது. எச்சரிக்கைதான் ஊர் ஊராகப் பரவியது.

2002-ல் வந்தது இதற்கெல்லாம் அண்ணன். உங்கள் கம்ப்யூட்டரில் வாயில் நுழையாத பெயரோடு ஒரு ஃபைல் இருக்கும், பக்கத்தில் கரடிக்குட்டி பொம்மை படம் இருக்கும், அதுதான் வைரஸ், உடனே அழித்துவிட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள் என்று ஒரு கடிதம். தேடிப் பார்த்தால்... ஐயையோ, நிஜமாகவே கரடி! இருக்காதா பின்னே? அது விண்டோஸோடு சேர்ந்தே வந்த ஃபைல். யோசித்துப் பாருங்கள். ஃபைலை அழித்தது மனுஷன். ஊருக்குப் பரப்பியதும் மனுஷன். வைரஸ் செய்ய வேண்டிய இரண்டு வேலையையும் சம்பளமில்லாமல் நாமே செய்து கொடுத்தோம்.

அந்தக் காலத்துப் புரளிக்காரனுக்கு வெறும் அல்ப சந்தோஷம். இப்போது வருகிறவனுக்குக் காசு வேண்டும்.

எங்கள் மாடிவீட்டு ஸார் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். போன வருஷம் ஒருநாள் மத்தியானம் மாடியிலிருந்து ஆம்புலன்ஸ் மாதிரி ஒரே அலறல். ஓடினேன். ஸாருக்கு ஒன்றுமில்லை, கம்ப்யூட்டர்தான் கத்திக்கொண்டிருந்தது. திரை முழுக்கச் சிவப்பு. 'உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, அணைக்காதீர்கள், உடனே கீழ்க்கண்ட எண்ணுக்கு போன் செய்யுங்கள்' என்று இங்கிலீஷில் ஒரு பெண்குரல் மிரட்டுகிறது. ஸார் காதில் ஏற்கெனவே போன்!

"தம்பி, இன்ஜினீயர் லைன்ல இருக்கார். ஒன்பதாயிரத்துச் சொச்சம் கட்டினா கிளீன் பண்ணித் தருவாராம். ஏதோ ஆப் போடச் சொல்றார், இறங்கிண்டிருக்கு" என்றார். நாற்பது வருஷம் பையன்களை மிரட்டியவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஸார், முதல்ல போனை வைங்க" என்று நெட்டைப் பிடுங்கினேன்.

நான் பி.காம். கம்ப்யூட்டர் சயின்ஸ் டிபார்ட்மென்ட் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. ஆனால் இதற்கு இன்ஜினீயர் தேவையில்லை. அந்தச் சிவப்புத் திரை வெறும் ஒரு வெப் பக்கம். திரையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் சுருங்கிவிடும். அடங்காவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடலாம். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களைக் கொண்டுவரட்டுமா' என்று கேட்டால், வேண்டவே வேண்டாம். பிறகு, கம்ப்யூட்டரில் இருக்கும் நிஜ ஆன்டிவைரஸை நீங்களாகத் திறந்து ஒருமுறை ஓடவிடுங்கள். ஸார் வீட்டில் ஓடவிட்டோம். ஒரு கொசுகூட இல்லை!

மூலையில் அடிக்கடி எட்டிப் பார்த்து 'வைரஸ், வைரஸ்' என்று நச்சரிக்கும் குட்டிச் செய்திகள் வேறு ஜாதி. என்றைக்கோ ஏதோ ஒரு தளத்தில் 'அலவ்' என்று அமுக்கியதன் பலன். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் என்ற இடத்துக்குப் போய் அந்தத் தளத்துக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்தால் வாய் மூடிவிடும்.

ஒரே ஒரு விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கையில் போன் நம்பர் இருந்தால் அது பொய். மைக்ரோசாஃப்டே தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது என்று சொல்லியிருக்கிறது. ஆப்பைப் போட்டு ஆளை உள்ளே விட்டாகிவிட்டது, பணமும் போய்விட்டது என்றால், உட்கார்ந்து அழ வேண்டாம். நெட்டைத் துண்டியுங்கள், பேங்குக்குச் சொல்லுங்கள், 1930-க்கு போன் செய்யுங்கள். வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

நிற்க. விஷயம் இத்தோடு முடியவில்லை. கிளம்பும்போது சும்மா கேட்டேன்: "ஏன் ஸார் இவ்வளவு பயந்துட்டீங்க? அப்படி என்ன இருக்கு இதுல?"

ஸார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினார். காலமான அவர் மனைவி, வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்காகச் சொல்லிப் பதிவு செய்த கதைகள். மொத்தம் 41.

"வேற எங்கயாவது காப்பி இருக்கா ஸார்?"

"எதுக்கு? இங்கதான் பத்திரமா இருக்கே!"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பி.காமில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. எந்த யந்திரமும் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்து, ஒருநாள் மதிப்பு பூஜ்யத்துக்கு வரும். ஸாரின் கம்ப்யூட்டருக்கு வயது எட்டு. கம்ப்யூட்டர் போனால் தேய்மானம் எழுதலாம். அந்தக் குரல் போனால் எந்தக் கணக்கில் எழுதுவது?

இதற்குத்தான் மூன்று-இரண்டு-ஒன்று என்று ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். மொத்தம் மூன்று பிரதி. இரண்டு விதமான சாதனங்களில். அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவ் மாதிரி இடத்திலோ தங்கை வீட்டு பீரோவிலோ ஒன்று. ஹார்ட் டிஸ்க்கைக் காப்பி முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' சுமார் 150 நாடுகளில் புகுந்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. அந்த மாதிரி ஆசாமி வந்தால், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடுவான். அதேபோல, தானாக ஒத்திசைந்துகொள்ளும் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு அதுவும் இல்லை.

எடுத்தால் மட்டும் போதாது, திறந்தும் பார்க்க வேண்டும். 1998-ல் பிக்ஸார் கம்பெனியில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் ஃபைல்கள் தவறான ஒரு கட்டளையால் அழிய ஆரம்பித்தன. பேக்கப்பைத் தேடினால், அது ஒழுங்காக வேலை செய்யவே இல்லை! கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு பெண் அதிகாரியின் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது.

நமக்கு இது தெரியாத சங்கதியா? உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, ஒரே சுவடியை நம்பவில்லை. பல இடங்களிலிருந்து பிரதிகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டார். யார் யாரோ பல ஊர்களில் காப்பி எடுத்து வைத்திருந்ததால் சிந்தாமணி கிடைத்தது. வளையாபதியும் குண்டலகேசியும் முழுசாகக் கிடைக்கவில்லை. சில பாடல்கள்தான் மிச்சம். ஐந்து காப்பியத்தில் இரண்டு போச்சு!

அன்றைக்கே ஸாரின் 41 கதைகளையும் ஒரு டிஸ்க்கில் ஏற்றினோம், பேரனுக்கும் அனுப்பினோம். ஆறு வாரம் கழித்துக் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. வைரஸ் இல்லை, வெறும் வயசு. ஸார் புதுசு வாங்கினார். டிஸ்க்கைச் செருகி, முதல் கதையைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒரே ஒரு பிரதியாக ஏதாவது இருக்கும். கல்யாண போட்டோ, குழந்தையின் முதல் மழலை, அப்பா எழுதிய கணக்கு. எதுவென்று உங்களுக்குத்தான் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கும் தூக்கத்துக்கும் நடுவில் ஒரு அரைமணி ஒதுக்குங்கள். சிவப்பாக யாராவது கத்தினால் மட்டும் கண்டுகொள்ளாதீர்கள்!